ஒரே நிறத்தில் ஓவியம் பழகுவது: எந்த நிறம், எங்கிருந்து தொடங்குவது?

இரண்டு வருடமாக வாட்டர் கலரில் வரைகிறீர்கள். கோடு ஓரளவு கைவந்துவிட்டது, வண்ணம் கலக்கவும் பழகிவிட்டீர்கள். ஆனால் முடித்த படத்தைச் சற்றுத் தள்ளி வைத்துப் பார்த்தால் எல்லாம் தட்டையாக, வெட்டி ஒட்டிய காகிதம் போலத் தெரிகிறது. ஒருவர் "கொஞ்ச நாள் ஒரே நிறத்தில் மட்டும் வரைந்து பாருங்கள்" என்று சொல்லியிருக்கிறார். எந்த நிறத்தை எடுப்பது, எந்த மீடியம், எங்கிருந்து தொடங்குவது, கறுப்பு வெள்ளையே போதாதா என்பது உங்கள் கேள்வி.

அவர் சொன்னது நல்ல யோசனை. பல வருடங்களாக வரையவும் சொல்லித்தரவும் செய்கிறேன். "படம் தட்டையாக இருக்கிறது" என்று வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வண்ணத்தில் குறை இருப்பதில்லை, டோனில்தான் இருக்கும். ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சமாக அல்லது எவ்வளவு இருட்டாக இருக்கிறது என்பதுதான் டோன். ஒரு சிவப்புத் துணியையும் ஒரு பச்சைத் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு எதிரும் புதிருமாகத் தெரியும். அதையே கறுப்பு வெள்ளையில் போட்டோ எடுத்துப் பாருங்கள். பல நேரம் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடும். நிறம் வேறு, டோன் ஒன்று. வண்ணத்தில் வரையும்போது "இது சிவப்பு, அது பச்சை, பிரித்துக் காட்டியாயிற்று" என்று கண் திருப்திப்பட்டுவிடுகிறது. வெளிச்சமோ உருண்டையோ படத்தில் வராமல் போவது அங்கேதான். நிறம் ஒன்றே ஒன்று என்று ஆகிவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். டோனைக் கவனித்தே ஆகவேண்டும்.

இந்தப் பயிற்சியில் கைக்கு வரவேண்டியது ஒரே ஒரு பழக்கம்தான்: எந்த டோனையும் தனியாகப் பார்க்காமல், பக்கத்து டோனோடு வைத்துப் பார்ப்பது. கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிகள்.

முதலில் நிறம். ஒரு நிறம் ஒற்றை வண்ண ஓவியத்துக்கு ஏற்றதா என்று பார்க்க ஒரு சோதனை போதும். ட்யூபிலிருந்து எடுத்ததைக் கெட்டியாக, ஏறக்குறைய தண்ணீரே இல்லாமல் ஒரு தீற்று தீற்றுங்கள். அது நன்றாக இருட்டாக வந்தால் எடுத்துக்கொள்ளலாம். மஞ்சள் இதில் தேறாது. எவ்வளவு கெட்டியாகப் பூசினாலும் மஞ்சள் வெளிச்சமான நிறமாகவேதான் இருக்கும். நிழலுக்குப் போக அதில் இடமே இல்லை. ஆரஞ்சும் அப்படித்தான். பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு), செபியா (கரும்பழுப்பு), இண்டிகோ (கருநீலம்), பெய்ன்ஸ் கிரே (நீலம் கலந்த கரும்சாம்பல்), பிரஷ்யன் ப்ளூ, ஐவரி பிளாக் எல்லாம் தேறும்.

இவற்றில் நான் கையில் கொடுப்பது பர்ன்ட் அம்பர். கெட்டியாக வைத்தால் கறுப்புக்குப் பக்கத்தில் போகும், நீர்க்க விட்டால் இளம் பழுப்பாக வெளிச்சத்தோடு நிற்கும். மண் நிறம் என்பதால் காய்ந்த பிறகும் ஈர பிரஷால் தேய்த்து ஓரளவு எடுத்துவிட முடியும். பழகுகிறவருக்கு அது பெரிய உதவி. பிரஷ்யன் ப்ளூ அழகான நிறம், டோன் வீச்சும் அதிகம், ஆனால் காகிதத்தில் கறையாகப் பிடித்துக்கொள்ளும். தப்பாக வைத்தால் வைத்ததுதான். ஆயில் கலரிலும் பர்ன்ட் அம்பருக்கு ஒரு அனுகூலம் உண்டு. அதிலுள்ள மாங்கனீஸ் எண்ணெயைச் சீக்கிரம் காயவைக்கும்.

கறுப்பு போதாதா என்றால், போதும். ஆனால் தொடக்கத்தில் வேண்டாம் என்பேன். கறுப்பைத் தொட்டவுடன் ஒன்று, கை அடி இருட்டுக்குப் போகிறது, இல்லையென்றால் பயந்துபோய் சாம்பலிலேயே சுற்றுகிறது. பழுப்பில் அந்தப் பயம் குறைவு. இரண்டு மூன்று மாதம் கழித்துக் கறுப்புக்கு வாருங்கள். அப்போது அதன் அருமை தெரியும்.

அடுத்தது மீடியம். ஒரே நிறத்தில் வரைவதில் இரண்டு பாதைகள் உண்டு, இரண்டுக்கும் யோசிக்கும் விதமே வேறு. வாட்டர் கலரிலும் மையிலும் வெளிச்சம் என்பது காகிதம். நீங்கள் இருட்டைத்தான் சேர்க்கிறீர்கள், வெளிச்சத்தை விட்டுவைக்கிறீர்கள். ஆயில், அக்ரிலிக், குவாஷ் (ஒளி ஊடுருவாத வாட்டர் கலர்) ஆகியவற்றில் வெள்ளையைக் கலந்து வெளிச்சத்தைக் கையால் வைக்கிறீர்கள். உங்களுக்கு வாட்டர் கலர் பழக்கம் என்பதால் அதிலேயே தொடங்குங்கள். கூடவே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: ஈரத்தில் பார்க்கும் டோன் காய்ந்தபின் அதே டோனாக இருக்காது. வாட்டர் கலர் காய்ந்தால் வெளுக்கும். அக்ரிலிக் காய்ந்தால் இருளும். குவாஷில் இருட்டு டோன்கள் கொஞ்சம் வெளுத்தும் வெளிச்ச டோன்கள் கொஞ்சம் இருண்டும் போகும், அதனால் படமே நடுவாந்தரத்துக்கு நெருங்கிவிடும். பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் வைத்து, தீற்றி, காயவிட்டுப் பார்த்த பிறகு படத்தில் வைப்பது வீண்வேலை போலத் தோன்றும். ஒரு மாதம் செய்தால் கை தானாகவே ஒரு படி கூட்டி வைக்கக் கற்றுக்கொள்ளும்.

காகிதம் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனத்தில், கோல்டு பிரஸ் எனப்படும் சற்றே சொரசொரப்பான வகையாக இருந்தால் நல்லது. மெலிந்த காகிதம் ஈரத்தில் அலையடித்து வாஷை, அதாவது நீர்த்த நிறப் பூச்சை, குளமாக்கிவிடும். உள்ளங்கை அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். பெரிய படம் இப்போது தேவையே இல்லை.

முதல் வாரம் பொருளையே பார்க்க வேண்டாம், டோன் பட்டை மட்டும் போடுங்கள். ஆல்பர்ட் மன்செல் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியர் நிறங்களை அளக்க வகுத்த முறையில் முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 10. நமக்கு அத்தனை படி வேண்டாம், ஐந்து போதும். எல்லோரும் செய்யும் தவறு, வெள்ளையில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக இருட்டிக்கொண்டே போவது. மூன்றாவது கட்டத்திலேயே இருட்டு தீர்ந்துபோகும், அல்லது ஐந்தாவதில்கூட பாதி இருட்டுதான் வந்திருக்கும். இரண்டு ஓரங்களை முதலில் முடித்துவிடுங்கள். ஒரு ஓரம் வெறும் காகிதம், மறு ஓரம் உங்களால் முடிந்த அதிகபட்ச இருட்டு. அப்புறம் நடுக்கட்டம்: இரண்டு ஓரத்திலிருந்தும் சம தூரத்தில் தெரிய வேண்டும். அதற்குப் பிறகு இடையில் மிச்சமுள்ள இரண்டு. ஒவ்வொரு கட்டத்தையும் இரு பக்கத்து அண்டை வீட்டாரோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய முடியும். ஒப்பிடும் பழக்கம் இந்தப் பட்டையிலேயே தொடங்கிவிடுகிறது.

இங்கே பதம் பார்க்கப் பழக வேண்டும். வெளிச்ச டோனுக்கு நிறம் தண்ணீர் போல ஓட வேண்டும். நிறம் கலக்கும் தட்டான பேலட்டைச் சாய்த்தால் சட்டென்று வழிந்துவிடும். நடு டோன் பால் பதம். அடி இருட்டு தேன் பதம். சாய்த்தால் நகரவே யோசிக்கும். பிரஷில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதும் கணக்கில் சேரும். பேலட்டில் சரியாகக் கலந்துவிட்டு, கழுவிய பிரஷைத் துணியில் ஒற்றாமல் அப்படியே தோய்த்தால் பதம் கெட்டுவிடும். உங்கள் டோன் ஒவ்வொரு முறையும் நினைத்ததைவிட வெளுத்து வந்தால் முதலில் பிரஷில் தேங்கிய தண்ணீரைச் சந்தேகப்படுங்கள்.

இனி பொருள். வெள்ளை முட்டை ஒன்று, வெள்ளைக் காகிதத்தின்மேல், இடப்புறம் மேலிருந்து ஒரே ஒரு விளக்கு. அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சம் வந்தால் இரண்டு நிழல் விழுந்து, பழகுகிறவரைக் குழப்பும். ஏன் முட்டை என்றால், அதில் நிறமும் இல்லை, மூலையும் இல்லை, டிசைனும் இல்லை. டோன் மட்டும்தான் இருக்கிறது.

பிரஷைத் தொடுமுன் கண்ணை நன்றாகச் சுருக்கிப் பாருங்கள், இமைகளுக்கு நடுவே ஒரு கீற்று மட்டும் திறந்திருக்கும் அளவுக்கு. நுணுக்கங்கள் மறைந்து இரண்டே வடிவங்கள் தெரியும்: வெளிச்சம் பட்ட பகுதி, படாத பகுதி. படாத பகுதியில் முட்டையின் நிழல் பக்கமும், காகிதத்தில் விழுந்த நிழலும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே வடிவமாக இருக்கும். பென்சிலால் அந்த வடிவத்தை மெல்லக் குறித்துக்கொள்ளுங்கள். முட்டையின் முழு வெளிக்கோட்டைவிட இந்தக் கோடுதான் முக்கியம்.

முதல் வாஷ் மிக மெலிதாக: விளக்கு நேராகப் பட்டு அதிகமாக வெளுத்திருக்கும் இடத்தை மட்டும் விட்டு முட்டை முழுவதும். முட்டை பளபளப்பான பொருள் கிடையாது, அதனால் அந்த வெளுத்த இடத்தின் ஓரம் கூர்மையாக நிற்கக் கூடாது. கழுவி ஒற்றிய பிரஷால் ஓரத்தைத் தடவிக் கரைத்துவிடுங்கள். முழுக்கக் காயட்டும். புறங்கையை வைத்துப் பார்த்தால் குளிர்ச்சி தெரியக்கூடாது.

இரண்டாவது வாஷ் நடு டோனில். நிழல் பக்கத்தையும் விழுந்த நிழலையும் சேர்த்து, இடையில் நிறுத்தாமல், ஒரே வடிவமாகப் பூசுங்கள். வெளிச்சத்தோடு சந்திக்கும் ஓரத்தை ஈரம் காய்வதற்குள் கரைக்க வேண்டும், ஏனென்றால் முட்டை மெதுவாகத்தான் வளைகிறது. விழுந்த நிழலின் வெளி ஓரத்தை, முட்டைக்குப் பக்கத்தில் உள்ள வரைக்கும், கரைக்காமல் கூர்மையாக விட்டுவிடுங்கள். தூரம் போகப் போக அந்த ஓரமும் மங்கும். இந்த ஒரு வாஷ் முடிந்ததும் பாதி முட்டை எழுந்து உட்கார்ந்துவிடும். வகுப்பில் பலரும் சத்தமாக மூச்சு விடுகிற இடம் இது.

மூன்றாவது, காய்ந்த பிறகு, வெளிச்சம் முடிந்து நிழல் தொடங்கும் எல்லையை ஒட்டி உள்ளே ஒரு இருண்ட பட்டை. நிழலின் மையம் அங்கேதான். முட்டையின் அடி விளிம்பில் இருக்காது. அடி விளிம்பை வெள்ளைக் காகிதத்திலிருந்து எகிறி வரும் வெளிச்சம் சற்று வெளுக்க வைத்திருக்கும். கடைசியாக, முட்டை காகிதத்தைத் தொடும் இடத்தில் கெட்டிப் பதத்தில் ஒரு மெல்லிய கோடு. அதை வைத்தவுடன் முட்டை தரையில் நிற்கும். வைக்காவிட்டால் மிதக்கும்.

இந்த எகிறி வரும் வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நான் பழகிய காலத்தில் மாதக்கணக்கில் தவறியது இதில்தான். நிழலுக்குள்ளே அந்த இளம் பகுதியைக் கண்டதும் "ஆ, இங்கே வெளிச்சம்!" என்று அதைக் காகித வெள்ளைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விடுவேன். முட்டை பளிங்குக் குண்டு மாதிரி ஆகிவிடும், நிழல் இரண்டாக உடைந்துவிடும். உண்மையில் அந்தப் பகுதி வெளிச்சமாகத் தெரிவது சுற்றிலும் இருட்டு இருப்பதால்தான். மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் அடெல்சன் 1995-இல் ஒரு சதுரங்கப் பலகைப் படத்தை வெளியிட்டார். பலகைமேல் ஒரு உருளை நிற்கும், அதன் நிழல் கட்டங்களின்மேல் விழுந்திருக்கும். நிழலுக்கு வெளியே உள்ள ஒரு கறுப்புக் கட்டமும், நிழலுக்குள் உள்ள ஒரு வெள்ளைக் கட்டமும் அச்சில் ஒரே சாம்பல். தெரிந்த பிறகும் கண் அதை ஏற்க மறுக்கும். முட்டையின் நிழலுக்குள் நமக்கு நடப்பதும் இதேதான்.

அதனால் ஒரு விதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரே பொருளில், நிழலுக்குள் இருக்கும் மிக வெளுத்த டோன்கூட, வெளிச்சத்துக்குள் இருக்கும் மிக இருண்ட டோனைவிட இருட்டாகத்தான் இருக்கும். கண்ணாடி, பித்தளை போன்ற பளபளப்பான பொருட்களில் இது உடையும். மற்ற இடங்களில் தொண்ணூறு பங்கு நிற்கும். சந்தேகம் வந்தால் ஒரு சாம்பல் அட்டையில் சிறிய துளை இரண்டு போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒரு துளை நிழலிலும் ஒரு துளை வெளிச்சத்திலும் விழும்படி பிடித்துப் பாருங்கள். சுற்றுப்புறம் மறைந்ததும் இரண்டு டோனும் தங்கள் உண்மை முகத்தைக் காட்டும். போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தும் ஒப்பிடலாம், ஆனால் வரைந்து முடித்த பிறகு மட்டும். போன் கேமரா தன் இஷ்டத்துக்கு நிழலைத் தூக்கும் அல்லது அமுக்கும். அதைப் பார்த்து வரைந்தால் கண் பழகாது.

முட்டையைக் குறைந்தது பத்து தடவை வரையுங்கள். விளக்கை மேலே, பின்னால், தாழ்வாக என்று மாற்றி வையுங்கள். அப்புறம் இருண்ட நிறப் புட்டி ஒன்று, வெள்ளைத் துணி மடிப்பு, அதன்பிறகே நிறமுள்ள பொருட்கள். சிவப்புப் பொருளைப் பழுப்பில் வரையும்போது "சிவப்பு எவ்வளவு இருட்டு?" என்ற கேள்விக்கு அதைத் தனியாக உற்றுப்பார்த்தால் விடை கிடைக்காது. கண்ணைச் சுருக்கி, "பின்னால் இருக்கும் துணியைவிட இருட்டா, வெளிச்சமா?" என்று கேளுங்கள். உடனே கிடைக்கும்.

ஓரங்கள். தட்டையான படங்களில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: எல்லா ஓரமும் ஒரே மாதிரி வெட்டினாற்போல இருக்கும். பொருளைச் சுற்றிக் கோடு போட்டு உள்ளே நிறம் நிரப்பும் பழக்கத்தின் மிச்சம் அது. முட்டையின் நிழல் பக்கமும் விழுந்த நிழலும் ஒரே டோனில் சந்திக்கும் இடத்தில் ஓரமே கிடையாது. அதைத் துணிந்து காணாமல் போகவிடுங்கள். பார்ப்பவர் கண் அதைத் தானே பூர்த்தி செய்துகொள்ளும், அப்படிச் செய்வதில் அதற்கு ஒரு சந்தோஷமும் உண்டு. ஜப்பானிய ஓவியர் ஹசெகாவா தோஹாகு 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மையால் வரைந்த பைன் மரத் திரைகள் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இணையத்தில் தேடி, பெரிதாக்கிப் பாருங்கள். முன்னால் உள்ள மரங்கள் முரட்டுக் கீற்றுகளாக, அடர்ந்த மையில். பின்னால் உள்ளவை இருக்கின்றனவா இல்லையா என்ற அளவுக்கு நீர்த்த மையில். இடையில் பெரிய பெரிய வெற்றிடங்கள். அந்த வெற்றுக் காகிதத்தைப் பனிமூட்டம் என்று நம்மை நம்பவைப்பது இரு பக்கத்திலும் உள்ள டோன்கள்தான்.

மை ஓவியத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த மனம் வராது. சீன மரபில் மை ஒன்றிலேயே ஐந்து நிறம் உண்டு என்பார்கள்: கருகியது, அடர்ந்தது, கனத்தது, மெலிந்தது, தெளிந்தது. புகைக்கரியையும் விலங்குப் பசையையும் சேர்த்துக் கட்டியாக்கிய மைக்குச்சியைக் கல்லில் தண்ணீர் விட்டு உரைப்பார்கள். எவ்வளவு நேரம் உரைக்கிறோமோ அவ்வளவு இருட்டு. 13-ஆம் நூற்றாண்டில் மூச்சி என்ற சீனத் துறவி வரைந்த ஆறு பெர்சிமன் பழங்கள் கியோட்டோவின் டைத்தோகுஜி மடத்தில் இருக்கின்றன. ஆறு பழங்கள், பின்னணி என்று எதுவுமே இல்லை. ஒன்று ஏறக்குறைய முழுக் கறுப்பு, ஒன்று வெறும் கோட்டு வட்டம், மற்றவை இடைப்பட்ட டோன்கள். நாம் போட்ட ஐந்து கட்டப் பட்டையை ஒருவர் இப்படிப் படமாக்கியிருக்கிறாரே என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

இந்த மரபிலிருந்து ஒரு கைவேலையை எடுத்துக்கொள்ளலாம். கூர்முனை உள்ள உருண்டை பிரஷை முழுக்கத் தண்ணீரில் நனைத்து ஒற்றுங்கள். பாதி மயிர் வரை வெளிர் மையை ஏற்றுங்கள். பிறகு முனையை மட்டும் கெட்டி மையில் தொட்டு, தட்டில் ஒரு முறை மெல்ல அழுத்தி எடுங்கள். இப்போது பிரஷுக்குள்ளேயே மூன்று டோன் இருக்கிறது. பிரஷைப் படுக்கவைத்து, அழுத்தி, ஒரே இழுப்பில் கீழிருந்து மேலே இழுத்து நிறுத்துங்கள். ஒரு ஓரம் இருட்டு, மறு ஓரம் வெளிச்சம், நடுவே தானாகக் கரைந்த டோன்: ஒரு மூங்கில் கணு உருண்டையாக நிற்கும். முட்டைக்கு மூன்று வாஷில் வந்த உருட்சி இங்கே ஒரே இழுப்பில். முதல் ஐம்பது இழுப்பு சரியாக வராது. வாட்டர் கலரிலும் இதே மாதிரி பிரஷில் ஏற்றிப் பழகலாம். உங்கள் இலைகளும் கிளைகளும் அதற்குப் பிறகு வேறு மாதிரி இருக்கும்.

சரி, இரண்டாவது பாதைக்கு வருகிறேன். ஆயிலில் ஒற்றை நிறம் பழக எனக்குப் பிடித்த முறை, துடைத்து எடுப்பது. கேன்வாஸ் முழுவதும் பர்ன்ட் அம்பரைக் கொஞ்சம் டர்பன்டைனில் தளர்த்தி அகலப் பிரஷால் தேய்த்து, துணியால் ஒற்றிச் சீரான நடு டோனாக்கிக்கொள்ளுங்கள். இப்போது உங்கள் முன்னால் இருப்பது வெள்ளை கிடையாது, நடுவாந்தரம். வெளிச்சம் வேண்டிய இடத்தில் பருத்தித் துணியை விரலில் சுற்றித் துடைத்தால் அடியில் உள்ள வெள்ளை எழுந்து வரும். லேசாகத் துடைத்தால் அரை வெளிச்சம், அழுத்தித் துடைத்தால் முழு வெளிச்சம். இருட்டு வேண்டிய இடத்தில் அதே நிறத்தைக் கெட்டியாகப் பிரஷால் வையுங்கள். வெளிச்சத்தைச் செதுக்கி எடுப்பது போன்ற வேலை இது, வாட்டர் கலர் பழக்கத்துக்கு நேர்மாறு. அதனால்தான் உங்களுக்குக் கட்டாயம் சொல்கிறேன். ஒரே அமர்வில் முடித்துவிடுங்கள், அம்பர் காத்திருக்காது. ஜன்னல் திறந்திருக்கட்டும். முக்கியமாக, எண்ணெய் பட்ட துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆயில் கலரில் உள்ள லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) காயும்போது வெப்பம் விடும். சுருண்ட துணிக்குள் அந்த வெப்பம் தேங்கித் தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது மூடியுள்ள உலோக டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் போடுங்கள்.

லியோனார்டோ டா வின்சி 1481-இல் தொடங்கி முடிக்காமல் விட்ட மூன்று ஞானிகளின் ஆராதனை ஓவியம் ஃபுளோரன்ஸ் உஃபிஸி கூடத்தில் இருக்கிறது. அதில் பெரும்பகுதி இன்னும் பழுப்பு அடித்தளமாகவே நிற்கிறது. வண்ணம் வருவதற்கு முன்பே ஒளியும் கூட்டமும் முகங்களும் எந்த அளவுக்குத் தீர்மானமாகிவிடுகின்றன என்பதை அதில் நேரடியாகப் பார்க்கலாம்.

அடுத்த படி, வெள்ளை கலப்பது. சாம்பல் டோன்களில் வரைவதற்கு ஐரோப்பிய மரபில் கிரிசாய் என்று பெயர். இத்தாலிய ஓவியர் ஜோட்டோ 1305 வாக்கில் பதுவா நகரில் உள்ள ஸ்க்ரோவென்யி சேப்பலின் கீழ்ச்சுவரில் ஏழு நற்குணங்களையும் ஏழு தீக்குணங்களையும் கற்சிலைகள் போல இப்படித்தான் வரைந்தார். பெல்ஜியத்தின் கென்ட் நகரப் பேராலயத்தில் 1432-இல் முடிந்த வான் ஐக் சகோதரர்களின் பலிபீட ஓவியத்தின் கதவுகளை மூடினால், திருமுழுக்கு யோவான், நற்செய்தியாளர் யோவான் இருவரும் மாடத்தில் நிற்கும் கல் உருவங்களாகத் தெரிவார்கள். சிலை என்றே தோன்றும். அத்தனையும் சாம்பல் டோன்களின் வேலை.

செய்முறையில் இரண்டு விஷயம். படத்தைத் தொடுமுன் பேலட்டில் ஐந்து குவியல் கலந்து வைத்துவிடுங்கள். போகிற போக்கில் கலந்தால் எல்லாம் நடு டோனில் போய்ச் சேரும். கலக்கும்போது வெள்ளையில் இருட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். இருட்டில் வெள்ளையைச் சேர்க்க ஆரம்பித்தால் ஒரு ட்யூப் வெள்ளை போயும் நினைத்த டோன் வராது. பாதிக்குப் பாதி கலந்தால் நடு டோன் வரும் என்று எண்ண வேண்டாம், கறுப்பின் பலம் அதிகம்.

இங்கே ஒரு அழகான விஷயம் நடக்கும். ஒரே நிறம்தானே என்று நினைப்போம், ஆனால் அது குளிர்ச்சியாகவும் வெதுவெதுப்பாகவும் மாறும். இருண்ட அடித்தளத்தின்மேல் வெள்ளை கலந்ததை மெலிதாக இழைத்தால் லேசான நீலச்சாயல் தட்டும். வெள்ளைத் தளத்தின்மேல் இருட்டை மெலிதாகப் பூசினால் வெதுவெதுப்பு வரும். இருண்ட மலைக்கு முன்னால் எழும் மெல்லிய புகை நீலமாகத் தெரிவதும் இதனால்தான். நுண்துகள்கள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கின்றன. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் ஒரு அச்சோவியத்துக்கு முன்மாதிரியாக 1634-இல் பழுப்பிலும் சாம்பலிலும் வரைந்த 'எக்கே ஹோமோ' (பிலாத்து இயேசுவை மக்கள்முன் நிறுத்தும் காட்சி) லண்டன் தேசியக் கூடத்தில் இருக்கிறது. சில இடங்களில் மெல்லிய பழுப்பு, சில இடங்களில் கனத்த வெள்ளை. நிறங்களே இல்லாத படத்தில் இத்தனை உயிர்ப்பு எங்கிருந்து வருகிறது என்று அதைப் பார்க்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள். நிழலை மெலிதாகவும் வெளிச்சத்தைக் கனமாகவும் வைக்கும் வழக்கத்துக்குக் காரணமும் அங்கே கிடைக்கும்.

இப்படி முடித்த சாம்பல் படத்தின்மேல் மெல்லிய வண்ணப் பூச்சுகள் ஏற்றி முழு வண்ண ஓவியமாக்குவதும் பழைய முறைதான். முக நிறத்துக்கு அடியில் பச்சை கலந்த சாம்பலை இட்டு, மேலே வரும் சிவப்பைச் சமன்செய்வார்கள். நீங்கள் அதற்குப் போவதாக இருந்தால் அடித்தளத்தை இறுதியில் வேண்டியதைவிட ஒரு படி வெளிச்சமாக வையுங்கள், ஏறும் ஒவ்வொரு பூச்சும் படத்தை இருட்டும். மேல் அடுக்குகளில் எண்ணெய் கூடிக்கொண்டே போக வேண்டும், குறையக் கூடாது. இல்லாவிட்டால் பின்னாளில் வெடிப்பு விடும்.

எவ்வளவு காலம் என்று கேட்டால், தினம் அரை மணி நேரம் உட்கார முடிந்தால் மூன்று மாதம் என்பேன். முதல் மாதம் பட்டையும் முட்டையும், இரண்டாவது மாதம் துணியும் நிறமுள்ள பொருட்களும், மூன்றாவதில் ஒரு நிலக்காட்சியும் ஒரு முகமும் எட்டும்.

இடையில் ஒன்று செய்யுங்கள். தட்டையாக வந்துவிட்டது என்று வருத்தப்பட்ட உங்கள் பழைய வண்ணப் படங்களில் ஒன்றை எடுங்கள். அதே காட்சியை, அதே அளவில், பர்ன்ட் அம்பரில் மட்டும் மறுபடி வரையுங்கள், ஐந்து டோனுக்கு மேல் போகாமல். இரண்டையும் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, நாலடி தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். பழுப்புப் படத்தில் தெளிவாகப் பிரிந்து, வண்ணப் படத்தில் ஒன்றோடொன்று கலந்துபோகிற இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். பெரும்பாலும் மூன்று நாலு இடம்தான் இருக்கும். அடுத்த வண்ணப் படத்தில் அந்த மாதிரி இடங்களில் மட்டும் டோனை ஒரு படி இறக்கிப் பாருங்கள்.